தையலக்கா பிடுங்கிய செடிகள்

தையலக்காவின் கண்ணைப் பற்றி அந்தக் குடியிருப்பில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் போட்ட தையலை விளக்கில்லாமல் பிரித்துவிடுவார். இரண்டே இலை விட்ட முளையைக் காட்டினால் போதும், செடியா களையா என்று சொல்லிவிடுவார். அதனாலேயே தோட்டத்தில் எந்தச் சந்தேகம் வந்தாலும் எல்லோரும் கீழ்த்தளத்தில் அவருடைய தையல் மெஷின் முன்னால் வந்து நிற்பார்கள்.

தோட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கேட்டிலிருந்து படிக்கட்டுவரை ஒரு நீளப் பாத்தி. கயிறு கட்டி அதை எட்டு வீட்டுக்கும் பிரித்திருந்தார்கள். என்ன நடுவது என்பது அவரவர் இஷ்டம். களை பறிப்பது மட்டும் முறை வைத்து, வாரத்துக்கு ஒரு வீடு, மொத்தப் பாத்திக்கும் சேர்த்து.

இஷ்டம் என்று விட்டால் சண்டைக்குக் கேட்கவா வேண்டும்? ஓய்வு பெற்ற தபால்காரருக்கு வாயில் போட முடியாத எதுவும் செடியே இல்லை. மாடி வீட்டு நர்ஸுக்கு வாசனை வந்தாலே தலைவலி. அவள் பங்கில் வெறும் இலைகள்தான். தையலக்காவுக்கு வெள்ளைப் பூ மட்டும். நந்தியாவட்டையும் மல்லிகையும் வைத்து, ஓரத்தை அளவெடுத்து வெட்டி, மடிப்புக் கலையாத சட்டைபோல வைத்திருந்தார்.

அதற்குப் பக்கத்துப் பங்கு பஸ் டிரைவருடையது. போன வருடம் அவன் அதில் ஒரு வரிசை கோழிக்கொண்டை போட்டான். கையகலத்துக்கு, ரத்தச் சிவப்பில், சுருள் சுருளாகப் பூத்து நின்றது.

"என்னப்பா இது, மூளையைக் கழற்றி வெயில்ல காயப்போட்ட மாதிரி?" என்றார் தையலக்கா.

டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தான். "இருக்கட்டும்க்கா! நாள் பூரா தார் ரோட்டையும் லாரியோட பின்பக்கத்தையும் பார்த்துட்டு வரேன். கேட்டைத் திறந்ததும் பளிச்னு கண்ணுல அடிக்கணும்."

அடித்தது. தையலக்காவின் ஜன்னலுக்கு நேராகவும் அடித்தது. மெஷினிலிருந்து நிமிரும்போதெல்லாம் தன் வெள்ளைக்குப் பக்கத்தில் அந்தச் சிவப்பைப் பார்த்து, பொருந்தாத ஒட்டுப் போட்ட துணியைப் பார்த்ததுபோல எரிச்சல்பட்டார்.

இந்த வருடமும் டிரைவர் விதை போட்டான். பதினாறு முளைகள் விரலளவு வளர்ந்திருந்தபோது தையலக்காவின் களை முறை வந்தது. டிரைவர் வண்டியில் போயிருந்தான். அவர் அந்தப் பங்கின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சின்னதாக இருக்கும்போது கோழிக்கொண்டையும் களையாக முளைக்கும் காட்டுக்கீரையும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. காட்டுக்கீரை இலையின் நுனியில் ஒரு பள்ளம் இருக்கும், கோழிக்கொண்டைக்குக் கூர்மை. பதினாறிலும் நுனி கூர்மையாகத்தான் இருந்தது. அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் பிடுங்கினார். வாளியின் அடியில் போட்டு, மேலே புல்லைப் பரப்பி மூடினார்.

சாயங்காலம் டிரைவர் வாசலில் வந்து நின்றான். "அக்கா, என் செடிங்க..."

"காட்டுக்கீரைன்னு நினைச்சுட்டேன்ப்பா. கண்ணு முன்ன மாதிரி இல்ல." பொய் எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

"ஐயோ, என் தப்புக்கா. பேர் எழுதி வெச்சிருக்கணும்."

மறுநாளே எட்டுப் பங்கிலும் குச்சிகள் முளைத்தன. ஒவ்வொன்றிலும் கட்டைவிரல் தடிமனில், பஸ் போர்டுக்கு அடிக்கிற பெயின்டில், செடியின் பெயர். நந்தியாவட்டைக்கு முன்னால்கூட 'நந்தியாவட்டை'.

"எல்லாம் உங்களுக்காகத்தான்க்கா," என்றாள் நர்ஸ். "எங்க ஆஸ்பத்திரியில கண் டாக்டர்கிட்ட நான் சொல்றேன், கூச்சப்படாம வாங்க."

தையலக்கா தலையாட்டினார். வேறென்ன செய்வார்? செய்தி தெருவுக்கும் போனது. தைக்கக் கொடுத்திருந்த ஒருத்தி துணியைத் திருப்பிக் கேட்டாள். "கோவிச்சுக்காதீங்கக்கா. கொஞ்ச நாள் ஓய்வெடுங்க." கோபித்துக்கொள்ளவும் அவருக்கு வாய் இல்லை.

அந்த வாரக் கடைசியில் டிரைவர் தன் காக்கிச் சட்டையோடு வந்தான். "ரெண்டு பட்டன் ஆடுது. கொஞ்சம் போட்டுக் குடுங்க."

பட்டன் எதுவும் ஆடவில்லை. வேலை குறைந்ததைக் கேள்விப்பட்டு வந்திருக்கிறான் என்று புரிந்தது. அவர் ஊசியை எடுத்தார். "குடுங்கக்கா, நான் கோர்க்கறேன்," என்று அவனே வாங்கி, நூல் முனையை வாயில் ஈரப்படுத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு முயன்றான். முதல் தடவை தவறியது. இரண்டாவதும் தவறியது. ஊசியின் காது தையலக்காவுக்குப் பட்டப்பகல்போலத் தெரிந்தது. மூன்றாவது தடவை நூல் நுழைந்ததும், அவன் ஜெயித்தவன்போலச் சிரித்து நீட்டினான். அவருக்கு முகம் காதுவரை சுட்டது.

"என் கண்ணு நல்லாத்தாம்ப்பா இருக்கு."

"பரவால்லக்கா, வயசானா எல்லாருக்கும்..."

"தெரிஞ்சேதான் பிடுங்கினேன்."

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. கத்துவான் என்று எதிர்பார்த்தார். "அவ்வளவு அசிங்கமாவாக்கா இருந்துச்சு?" என்றுதான் கேட்டான்.

"எனக்குப் பிடிக்கல."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னேனே, மூளை மாதிரின்னு."

"அது கிண்டல்னு நினைச்சேன். நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேனே."

சட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கோர்த்த ஊசி மேஜையில் கிடந்தது.

நர்ஸிடம் தையலக்காவே போய்ச் சொன்னார். தபால்காரரிடமும் சொன்னார். இரண்டு நாளில் குச்சிகள் காணாமல் போயின. துணிகள் மெல்லத் திரும்பி வந்தன. பாத்திச் சந்தேகம் கேட்டு மட்டும் யாரும் வரவில்லை.

டிரைவர் மறுபடி விதை போட்டான். தையலக்காவின் முறை திரும்ப வந்த காலையில், அவன் லீவு போட்டுவிட்டுக் கீழே இறங்கி வந்தான். "என் பங்கை நான் பார்த்துக்கறேன்." அவர் தள்ளி உட்கார்ந்தார். அவன் முளைகளைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றைப் பிடித்தான். இலை நுனி கூர்மையாக இருந்தது.

பேசுவதற்குத் தனக்கு யோக்கியதை உண்டா என்று தையலக்கா தயங்கினார். பிறகு வாய் திறந்தார். "அது உன் செடி தம்பி. பக்கத்துல இருக்கறதுதான் களை. நுனியைப் பாரு, பள்ளம் இருக்கும்."

அவன் கை நின்றது. "நிஜமாவா?"

இத்தனை வருடத்தில் அந்தப் பாத்தியில் யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை.

"நிஜம்."

அவன் இரண்டு முளைகளையும் மாறி மாறிப் பார்த்தான். அவர் முகத்தையும் பார்த்தான். பிறகு கையை எடுத்துவிட்டான்.

"ரெண்டும் இருக்கட்டும்க்கா. பூக்கும்போது தெரிஞ்சிடும்."

தையலக்கா வாளியை இழுத்துக்கொண்டு தபால்காரரின் பங்குக்கு நகர்ந்தார்.