பிள்ளையார் மேல் அம்மையிடம் சொன்ன புகார்

ஆனித் தேரோட்டம் முடிந்த வாரம் எங்களுக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. தொண்ணூறுகளின் நடுவில் நடந்த சங்கதி இது. நோட்டீஸைப் படித்த நேரத்தில் இருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும். எழுந்தால் எங்கே போவது என்று தெரியாது. எங்கள் பள்ளிக்கூடம் இருக்கும் இடம் பள்ளிக்கூடமே இல்லையாம், தெருக்காரர்களுக்குப் பொதுவான கோயிலாம். விநாயகர் சார்பில் தெருவின் விழாக் கமிட்டி, கோயில்களைக் கவனிக்கும் அரசுத் துறையில் மனு கொடுத்திருந்தது. எங்களை விசாரணைக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

என்ன பள்ளிக்கூடம் என்று சொல்லிவிடுகிறேன். என் மகள் செல்வி மூளை வளர்ச்சி குறைந்த பிள்ளை. அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. சேர்த்த பள்ளிகளில் எல்லாம் ஒரு வாரம் வைத்திருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்னைப் போலவே சில தாய்மார் சேர்ந்து ஒரு சங்கம் பதிந்தோம். டவுனில் இருந்து பேட்டை போகிற வழியில் இருந்த ஓட்டு வீட்டையும் முற்றத்தையும் என் மாமனார் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்தார். அங்கேதான் செல்வி தன் கையால் சாப்பிடக் கற்றாள். சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்ட அன்று நாங்கள் எல்லோரும் கை தட்டினோம். அந்த இடம் போனால் அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

முற்றத்தில் தெருவை ஒட்டி ஒரு வேப்பமரம். அதன் அடியில் பிள்ளைகளுக்காக ஒரு சின்னப் பிள்ளையாரை வைத்தோம். முறையாக ஐயரை அழைத்துப் பூஜை செய்துதான் வைத்தோம். தெருப் பெண்கள் வெள்ளிக்கிழமை தோறும் உள்ளே வந்து கும்பிட்டார்கள். சாமி கும்பிட வருகிறவர்களை யாராவது தடுப்பார்களா? போகும்போது பிள்ளையார் காலடியில் சில்லறை போட்டுவிட்டுப் போவார்கள். ஒரு நாள் எங்கள் பையன் ஒருவன் அதில் ஒரு காசை எடுத்து வாயில் போட்டுவிட்டான். விரலை விட்டு எடுப்பதற்குள் என் உயிர் போய் உயிர் வந்தது. மறுநாளே கடைக்குப் போய், பூட்டு வைத்த தகர உண்டியல் ஒன்று வாங்கி வந்து வைத்தேன். கடைக்காரர் தன் வழக்கப்படி அதில் ‘விநாயகர் திருக்கோயில்’ என்று சிவப்புப் பெயின்டில் எழுதியிருந்தார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

அந்த உண்டியல்தான் எங்கள் கழுத்தைப் பிடித்தது.

கமிட்டிக்குத் தலைவர் தெருமுனைப் பலசரக்குக் கடை அண்ணாச்சி. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சதுர்த்திக்குப் பெரிய விழா எடுக்க வேண்டும், முற்றத்தில் மண்டபம் கட்ட வேண்டும் என்று அவருக்கு ஒரு வெறி. கேட்கப் போன என்னிடம், “இது எங்க தெரு சாமி. நீங்க பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு வேற இடம் பாத்துக்கிடுங்க, நான் என்ன செய்ய?” என்று சொல்லிவிட்டு எடைக்கல்லைத் தேடப் போய்விட்டார். அந்த வாரமே சுவரின் மேல் குழாய் ஒலிபெருக்கி ஏறியது. சத்தம் வந்தால் செல்விக்கு ஆகாது. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தலையைச் சுவரில் மோதுவாள். நான் குறுக்கே நின்று என் வயிற்றில் மோத விடுவேன்.

தெரிந்த வக்கீல் ஒருவர், வழக்கு நடத்தினால் உங்கள் மகளுக்கு வயதாகிவிடும் என்றார். சொந்தக்காரர் ஒருவர், சத்தம் போடாமல் சிலையைப் பெயர்த்து ஆற்றில் விட்டுவிடு என்றார். பூஜை செய்து வைத்த சாமியை எந்தக் கையால் பெயர்ப்பது? பெயர்க்காவிட்டால் பிள்ளைகள் தெருவில் நிற்க வேண்டும். இரண்டு பக்கமும் வழி இல்லை.

வெள்ளிக்கிழமை காந்திமதி அம்மை சந்நிதிக்குப் போனேன். சரவிளக்கு வெளிச்சத்தில் அவள் சிரித்துக்கொண்டு நின்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது. வேண்டுதல் எல்லாம் வரவில்லை. “உன் பிள்ளை என் பிள்ளையை வெளிய தள்ளுதான். நீ பாத்துக்கிட்டு நிக்க. அவனைக் கேக்க மாட்டியா? நீயும் தாய்தானே?” என்று வாய்விட்டே சொன்னேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அழுதேன். குங்குமத்தை வாங்காமலே வெளியே வந்துவிட்டேன். அப்படி ஒரு ஆத்திரம்.

மறுநாள் காலையில் சங்கத்துத் தாய்மாரில் ஒருத்தியான பேச்சியம்மாள், ஏதோ நினைவு வந்தவளாகச் சொன்னாள். “யக்கா, பாளையங்கோட்டையில கோர்ட்டுக்குப் பின்னால ஒரு மாடியில, சனிக்கிழமை மத்தியானம் வக்கீல்மாரு சும்மாவே யோசனை சொல்லுதாங்களாம். நம்மள மாதிரி சின்னச் சங்கத்துக்குன்னே.” இவ்வளவு நாள் ஏன்டி சொல்லவில்லை என்று அவளைத் திட்டிக்கொண்டே பஸ் பிடித்தேன். அன்று சனிக்கிழமை.

மாடியில் இரண்டு மேசை, ஒரு மின்விசிறி. எனக்கு முன்னால் மாஞ்சோலையில் மாலை வகுப்பு நடத்தும் இரண்டு பேரும், மணிமுத்தாறு பக்கத்து நூலகச் சங்கத்துக்காரர் ஒருவரும் காத்திருந்தார்கள். நான் பெஞ்சில் இருப்பதும் எழுந்து வாசலுக்குப் போவதுமாக இருந்தேன். என்னைக் கூப்பிட்டவர் எஸ்தர் என்ற வக்கீலம்மா. என்னைவிட இளையவர். வார நாளெல்லாம் கோர்ட்டில் நின்றுவிட்டு, சனிக்கிழமையையும் எங்களைப் போன்றவர்களுக்குக் கொடுத்துவிட்டவர். மனுவை வாசித்தார். “சட்டத்துல சாமியும் ஒரு ஆளுதான்க்கா. இப்போ உங்க எதிராளியே பிள்ளையார்தான்” என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. நேற்று அம்மையிடம் நான் கொடுத்த புகாரும் அதுதானே!

“உண்டியல நீங்களேவா வச்சீங்க?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். தலையில் கை வைத்துக்கொண்டார். “தெருச் சனமெல்லாம் வந்து கும்பிடணும், உண்டியல்ல போடணும், அதுல கோயில்னு எழுதியும் இருக்கணும். அப்புறம் பொதுக்கோயில் இல்லன்னு நான் எப்படிச் சொல்ல?” மறுநாள் அவரே மொபெட்டில் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார். ஒரு காசு வாங்கவில்லை, ஒரு காப்பி குடித்தார், அவ்வளவுதான். முற்றத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். சுவரைப் பார்த்தார், வேப்பமரத்தைப் பார்த்தார். நான் பின்னாலேயே, “சிலைய எடுக்கணுமா? சொல்லுங்கம்மா, எடுக்கணுமா?” என்று நச்சரித்துக்கொண்டே போனேன்.

“சாமிய ஏன் நகர்த்தணும்?” என்றார். “சுவர நகர்த்துவோம்.”

தெருச் சுவரை இடித்துவிட்டு, வேப்பமரத்துக்கு உள்பக்கமாகப் புதுச் சுவர் எழுப்புவது. மரமும் பிள்ளையாரும் நிற்கும் துண்டு நிலத்தைச் சங்கம் கூடித் தெருவுக்கு விட்டுக்கொடுப்பது. மிச்ச இடம் பள்ளிக்கூடம்தான் என்று கமிட்டி எழுதிக் கொடுத்து மனுவைத் திரும்பப் பெறுவது. இவ்வளவுதான் யோசனை. எனக்கு மனசு ஒப்பவில்லை. பிள்ளையாரைச் சுவருக்கு வெளியே விடுவதா? அன்று முழுக்க வீட்டுக்கும் பள்ளிக்குமாக அலைந்தேன். பிறகுதான் உறைத்தது. நான் கேட்டது என்ன? என் பிள்ளைக்கு இடம். தாய் மகனைக் கேட்டிருக்கிறாள், மகன் வெளியே போக ஒப்புக்கொண்டுவிட்டான். நான் யார் குறுக்கே நிற்க?

அண்ணாச்சி லேசில் சம்மதிக்கவில்லை. முழு முற்றமும் வேண்டும் என்றார். எஸ்தர் வக்கீலம்மா கடை வாசலில் நின்று பொறுமையாகச் சொன்னார். “சரி அண்ணாச்சி, பொதுக்கோயில்னே தீர்ப்பு வாங்குங்க. அப்புறம் அரசாங்கம் ஒரு அதிகாரியப் போடும். உண்டியல் சாவி அவர்கிட்ட. சுண்டலுக்குக்கூட நீங்க அவரத்தான் கேக்கணும். சம்மதம்னா நடத்துவோம்.” அண்ணாச்சி வெகுநேரம் பருப்பை அளந்துகொண்டே இருந்தார். பிறகு, “சுவரு எத்தனை அடி உள்ள வரும்?” என்று கேட்டார். எனக்கு அங்கேயே விழுந்து கும்பிடத் தோன்றியது.

விசாரணை நாளில் கையெழுத்தானது. ஆவணியில் சுவர் எழும்பியது. ஆனாலும் என் பதற்றம் ஓயவில்லை. சதுர்த்தி அன்று காலையிலேயே ஒலிபெருக்கி அலறத் தொடங்கியது. நான் செல்வியைப் பள்ளிக்கூடத்து உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்தினேன். கொழுக்கட்டை எடுக்கத் திரும்பிய நேரத்தில் அவளைக் காணவில்லை. ஓடினேன். காதைப் பொத்திக்கொண்டு, கேட்டைத் தாண்டி, அத்தனை கூட்டத்துக்கு நடுவில், முற்றத்தில் தினமும் பார்த்த பிள்ளையாரைத் தேடி அவள் போய்க்கொண்டிருந்தாள். அவள் தனியாகத் தெருவில் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. நான் கத்தினேன், சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?

அண்ணாச்சி அவளைப் பார்த்துவிட்டார்.

“ஏலே, அத நிறுத்துலே! பிள்ளை வருது!” என்று கத்திக்கொண்டே, யாரும் அசைவதற்குள் தானே குனிந்து வயரைப் பிடுங்கினார். தெருவே அமைதியானது. வழி விட்டார்கள். செல்வி பைய நடந்து போய்ப் பிள்ளையார் முன்னால் நின்று, காதில் இருந்து கையை எடுத்தாள். அந்தக் கையைக் குவித்தாள். அண்ணாச்சி கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

நான் இடத்தைத்தான் கேட்டேன். அம்மை தெருவையும் சேர்த்துக் கொடுத்தாள். இப்போது சனிக்கிழமைகளில் அந்த மாடிக்குப் போகிறேன். என்னைப் போலப் பெஞ்சில் இருப்புக் கொள்ளாமல் தவிக்கிறவர்களுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்துப் பக்கத்தில் உட்காருகிறேன். நான் சாந்தமாகிவிட்டேன் என்று சொன்னால் என் வீட்டுக்காரரே சிரிப்பார். ஆனால் யாரிடம் போய்ப் பதற வேண்டும் என்று தெரிந்துகொண்டேன். அன்பர்களே, உங்களுக்கும் வழி அடைபட்டதாகத் தோன்றினால் அவளிடம் போங்கள். பக்குவமாக வேண்டத் தெரியாவிட்டால் சண்டையாவது போடுங்கள். அவள் கேட்டுக்கொள்கிறாள்.