நீலக் குல்லாக் கட்சி

"படுத்துக்கிட்டுப் போற போட்டியிலகூடவா தோப்பாளுக? படுக்கத்தான சொன்னாங்க!"

மல்லாந்து நீந்தும் போட்டியில் நீலத் தொப்பி அணிந்த பெண் கடைசியாக வந்து சுவரைத் தொட்டபோது அமராவதி இப்படிச் சொன்னார். சொன்னது பக்கத்தில் இருந்தவரிடம்தான். ஆனால் குளத்தின் அந்தப் பக்கம் நின்ற நடுவரும் திரும்பிப் பார்த்தார். கீரமங்கலம் பூ மார்க்கெட்டில் வருடக்கணக்கில் விலை கூவி உரமேறிய தொண்டை அது. ரகசியம் பேசுவதற்குப் பழகவில்லை.

திருச்சி சாலையில், நார்த்தாமலைக்குப் பிரியும் இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு தனியார் கல்லூரி இருக்கிறது. அங்கே கல்லூரிப் பெண்களுக்கான நீச்சல் போட்டி எப்போது நடந்தாலும் காலரியின் இரண்டாவது படியில், தூணின் நிழல் விழும் இடத்தில் அமராவதியைப் பார்க்கலாம். ஐம்பதைத் தாண்டியவர். போட்டி நாட்களில் கடையை வேலையாளிடம் விட்டுவிட்டு விடியற்காலையிலேயே பஸ் ஏறிவிடுவார். அவர் வீட்டில் யாரும் நீந்துவதில்லை. ஒரே மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அமராவதிக்கும் நீச்சல் தெரியாது. "முழங்காலுக்கு மேல தண்ணி வந்தா எனக்கு மயக்கம் வந்துரும்ங்க" என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்வார். அதற்கும் தன் விமர்சனங்களுக்கும் சம்பந்தம் இருப்பதாக அவர் நினைக்கவில்லை. "சினிமா பாக்குறவுக எல்லாம் நடிச்சுட்டா வாராங்க?"

இரண்டு வருடங்களுக்கு முன் பரிசளிப்பு விழாவுக்கு மாலை கொண்டுவந்தவர் அவர். சிறப்பு விருந்தினர் வருவதற்குத் தாமதமாயிற்று. மாலைகள் மேல் ஈரத்துணி போட்டு மூடிவிட்டு உட்கார்ந்தவர், நீலத் தொப்பி அணி ஒன்றுவிடாமல் எல்லாப் போட்டியிலும் தோற்பதைப் பார்த்தார். தான் எந்தக் கட்சி என்பது அவருக்கு அன்றோடு முடிவாகிவிட்டது. அந்த அணியின் கல்லூரிப் பெயரை அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. அவருக்கு எல்லாம் நீலக் குல்லா, சேப்புக் குல்லா, மஞ்சக் குல்லாதான். "செயிக்கிறவளுக்குக் கத்த ஆயிரம் பேரு இருக்காங்க. இவளுகளுக்கு யாரு இருக்கா?" என்பார் உருக்கமாக. சொல்லி முடித்த கையோடு அவர்களைத் திட்டத் தொடங்குவார்.

இவருக்கு எதிர்க்கட்சி, கோட்டைப்பட்டினம் ஜைனுதீன். சவுதியில் நெடுங்காலம் லாரி ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர். அவர் மகள் ஃபர்ஹானா சிவப்புத் தொப்பி அணியில் நீந்துகிறாள். மகளை மகள் என்று சொல்ல அவருக்குக் கூச்சம். "அந்த மூணாவது லேன் புள்ள பரவால்ல" என்று எங்கேயோ பார்த்துக்கொண்டு சொல்வார். கடற்கரைக்காரர் என்பதால் குளம் என்றாலே அவருக்கு இளக்காரம்.

"அலையே இல்லாத தண்ணியில நீந்துறது ஒரு நீச்சலா? இதுல வேற ஒங்க புள்ளைகளுக்கு மூச்சு வாங்குது."

"அப்ப ஒங்க சேப்புக் குல்லாவக் கடல்ல எறக்கி விடுங்க பாய். நாங்க இங்கிட்டு செயிச்சுக் கப்ப வாங்கிக்கிறோம்."

போன மாதம் நடந்த போட்டியின் கடைசி நாளில் அமராவதியின் பக்கத்தில் புதிதாக ஒரு பெண் வந்து உட்கார்ந்தார். நாற்பது வயது இருக்கும். இரண்டு பஸ் மாறி வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் குளம் முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருக்காக வந்திருக்கீங்க?" என்று விசாரித்தார் அமராவதி.

"அந்த நீலத் தொப்பி..."

"அட, நம்ம ஆளு! நெழலுக்கு நகந்து உக்காருங்க. பேரென்ன?"

"செவந்தி."

"பூப்பேரு! இன்னைக்கு மார்க்கெட்டுல ஒங்களுக்கு நல்ல வெலைங்க."

அதன் பிறகு செவந்திக்குப் பேச இடம் கிடைக்கவில்லை. தவளை நீச்சல் என்றால் தண்ணீரைக் கும்பிட்டுக் கும்பிட்டுப் போவது, வண்ணத்துப்பூச்சி நீச்சல் என்றால் தண்ணீரோடு சண்டை போடுவது என்று தொடங்கி, விசில் ஊதுபவர் எந்தக் கட்சி என்பது வரை அமராவதி பாடம் நடத்தினார். பாதி தவறு. செவந்தி பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் போல எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பாடம் கடைசியில் தொடர் நீச்சலுக்கு வந்தது.

"நாலு பேரு மாத்தி மாத்திப் போவாளுக. நம்மள்ல கடைசியா குதிக்கிறவ பேரு ஹரிணி. குன்றாண்டார்கோவில் பக்கமாம். பாதித் தூரம் நல்லாத்தான் வருவா. அதுக்கப்பறம் நீந்துறாளா, டாட்டா காட்டுறாளான்னே தெரியாது. வீட்டுல சோறு போடுறாங்களான்னு கேக்கணும். பெத்தவ ஒரு நாளாச்சும் வந்து பாத்திருந்தா இப்புடி இருப்பாளா?"

செவந்தி தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். குடிக்காமலேயே மூடினார்.

"வேல இருந்திருக்கும்ங்க" என்றார் மெதுவாக.

"யாருக்கு இல்ல வேல?"

தொடர் நீச்சல் தொடங்கியது. முதல் மூன்று பெண்கள் நீந்தி முடித்தபோது நீலத் தொப்பி நான்காவது இடத்தில் இருந்தது. ஹரிணி குதித்தாள். டாட்டா காட்டவில்லை. மஞ்சள் தொப்பியைத் தாண்டினாள். திரும்பி வரும்போது, அமராவதி படியின் மேலேறி நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்க, சிவப்புத் தொப்பியையும் தாண்டி இரண்டாவதாகச் சுவரைத் தொட்டாள். அந்த அணிக்கு அதுவரை ஒரு பதக்கமும் கிடைத்ததில்லை. அமராவதி செவந்தியை இறுகக் கட்டிக்கொண்டார்.

"நாந்தான் சொன்னேன்ல! ஹரிணின்னா ஹரிணிதான்!"

செவந்தி அழுதுகொண்டிருந்தார். புதுக் கட்சிக்காரருக்கு இவ்வளவு பற்றா என்று அமராவதிக்கே வியப்பாக இருந்தது.

ஒலிபெருக்கி கரகரத்தது. நீலத் தொப்பி அணியின் மூன்றாவது பெண் சுவரைத் தொடும் முன்பே நான்காவது பெண் மேடையிலிருந்து குதித்துவிட்டாளாம். அணி தகுதி நீக்கம். இரண்டாவது இடம் சிவப்புத் தொப்பிக்கு.

பின்படியில் இருந்த நிலவழகன் எழுந்தான். மூன்றாவதாக நீந்திய பெண்ணின் அண்ணன்.

"அந்தக் கடைசிப் பொண்ண யாருங்க டீமுல சேத்தது? மூணு பேரு ஒழைப்பும் போச்சு. வீட்டுல ஒழுங்கா வளத்திருந்தா கொஞ்சம் பொறுத்துக் குதிச்சிருப்பா."

அமராவதி திரும்பினார்.

"ஏம்ப்பா தம்பி, அவ இல்லேன்னா நாலாவதாத்தான வந்திருப்பீங்க? அவ வளப்பப் பத்திப் பேச நீ யாரு?"

"நீங்க காலையிலேருந்து பேசலையா?"

"நான் பேசுவேன். நான் ரெண்டு வருசமாப் பேசுறேன்!"

நிலவழகன் ஒரு படி இறங்கி வந்தான். ஜைனுதீன் குறுக்கே கை நீட்டினார். "விடுங்கப்பா. தண்ணி தெறிக்கிறதுல செவுத்துல கை பட்டுச்சா இல்லையான்னு அங்கிட்டு நின்ன நடுவருக்கே வெளங்கியிருக்காது" என்றார். வெள்ளிப் பதக்கம் அவர் மகளின் அணிக்குத்தான் போகிறது. அமராவதி அவரைச் சந்தேகத்தோடு பார்த்தார். இரண்டு வருடத்தில் முதல்முறையாக ஜைனுதீன் அவர் பக்கம் பேசியிருந்தார். அதை எப்படிக் கையாள்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

சற்று நேரத்தில் ஹரிணி படியேறி வந்தாள். வெறுங்கால். தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்திருந்தாள். தலையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. கண் சிவந்திருந்ததற்குக் குளத்துத் தண்ணீரில் கலக்கும் மருந்து மட்டும் காரணமில்லை. அவள் தன்னை நோக்கித்தான் வருகிறாள் என்று அமராவதி நினைத்தார். ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லத் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஹரிணி அவரைக் கடந்து செவந்தியின் முன்னால் போய் நின்றாள்.

"தப்புப் பண்ணிட்டேம்மா."

"நல்லாத்தாண்டி நீந்துன" என்றார் செவந்தி. "எனக்கு என்ன தெரியும்? இந்த அக்காதான் காலையிலேருந்து ஒவ்வொண்ணா வெளக்கிச் சொன்னாங்க."

குரலில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் அமராவதி சமாளித்திருப்பார். மார்க்கெட்டில் அவர் கேட்காத குத்தலா? இதற்குத்தான் அவரிடம் எதுவும் இல்லாமல் போயிற்று.

ஹரிணி திரும்பி அவரைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்து முகம் மலர்ந்தது.

"எப்பவும் எங்களுக்காகக் கத்துற அத்தை நீங்கதான? தண்ணிக்குள்ள ஒங்க சத்தம் மட்டுந்தான் கேக்கும் அத்தை. என்ன சொல்றீங்கன்னுதான் புரியாது."

அமராவதி அவள் தோளைப் பிடித்துக் கீழ்ப்படியில், தனக்கு முதுகு காட்டி உட்காரவைத்தார். முந்தானையை உருவி அவள் தலையில் போட்டுத் துவட்டத் தொடங்கினார். செவந்தி துண்டை எடுத்து நீட்டியதை அவர் பார்க்கவில்லை. முடியைப் பிரித்துப் பிரித்து, நுனிவரை இழுத்துத் துவட்டினார். நீர் சொட்டுவது நின்றது. மைக்கில் பரிசளிப்புக்கு அழைத்தார்கள். சுற்றிலும் எல்லோரும் எழுந்தார்கள். அமராவதி குனிந்த தலை நிமிராமல் துவட்டிக்கொண்டே இருந்தார்.