கோப்பி மெஷினைவிடக் கெட்டிக்காரர்கள்

கிரைண்டர் திருத்திப் பிழைக்கிற உங்களுக்குத் தெரியும்: மெஷினைச் சரிக்கட்டுவது லேசு, "இதில அரைச்ச கோப்பி கசக்குதே" என்று வருகிறவருக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம்.

ஒரே கொட்டை, இரண்டு கோப்பை

மட்டக்களப்பு டவுனிலுள்ள என் கடையில் கூட வேலை செய்பவர் ஜெராட். எதில் அரைத்தாலும் கோப்பி கோப்பிதான் என்பார். ஒருநாள் ஒரே கொட்டையில் பாதியைப் பிளேடு கிரைண்டரிலும் மீதியைக் கையால் சுற்றும் மெஷினிலும் அரைத்து ஊற்றிக் கொடுத்தேன். பிளேடு கண்டபடி வெட்டும்; பாதி மாவு, பாதி குறுணல். மாவு கசக்கும், குறுணல் சாரம் விடாது. கை மெஷினில் அரைக்கிற இரண்டு பல்லுக்கு நடுவே எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவாக விழும். ஜெராட் இரண்டையும் குடித்துவிட்டுக் கேட்டார்:

"அப்ப இருபது வருஷமா நான் வீட்ட குடிச்சது என்ன?"

காதால் பார்த்தவர்

வவுணதீவிலிருந்து, கண் தெரியாத கந்தப்போடி ஐயா மனைவியோடு வந்தார். அவருடைய கை மெஷினுக்குப் புதுப் பல் பூட்டியிருந்தேன். கொஞ்சம் கொட்டை போட்டு, காதருகே வைத்து மெல்லச் சுற்றினார். "ஒரு பக்கம் கடிக்குது, மற்றப் பக்கம் சும்மா போகுது" என்றார். எனக்கு உள்ளுக்குள் கோபம். அவர் முன்னாலேயே கழற்றினேன். வாஷர் ஒன்றைப் போட மறந்திருக்கிறேன். தண்டு மயிரளவு சரிந்திருந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார்.

"கண்ணால பாத்துப் பூட்டினா இப்பிடித்தான் தம்பி."

நசீமாவின் அரிதட்டு

காத்தான்குடி நசீமாவின் வாப்பா பாரிசவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் சாப்பாட்டையே தொடவில்லை. உயிராயிருந்த கோப்பியையும் கசக்குதென்று ஒரு வாயோடு தள்ளிவிட்டாராம். நசீமா பிளேடு கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். கை மெஷின் வாங்கச் சொன்னேன். "வாப்பாவத் தூக்கிற கைக்கு இனிச் சுத்த ஏலாது அண்ணன்" என்றார். நீளமாக ஓடவிட்டால் தூள் சூடாகும், பட்டனை விட்டு விட்டு அமத்துங்கள் என்றேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அடுத்த கிழமை பிளாஸ்க்கோடு வந்தார். விட்டு விட்டு அமத்தி, அரிதட்டில் அரித்து, மாவைப் புறம்பாக்கி, குறுணலை மட்டும் திரும்ப அரைத்திருக்கிறார். ஊற்றித் தந்தார். என்னுடைய விலைகூடிய மெஷினில்கூட அப்படியொரு கோப்பி வந்ததில்லை. வாப்பா குடித்தாரா என்று கேட்டேன்.

"குடிச்சிட்டு, ஒரு துண்டு ரொட்டியும் கேட்டார் அண்ணன்."

என் கடைப் பலகையில் 'இங்கு திருத்தப்படும்' என்றுதான் எழுதியிருக்கிறது. எதை, யாரை என்று எழுதாமல் விட்டது நல்லதாய்ப் போயிற்று.