அலமாரியின் மறுமுனை

கொட்டகலைக் கடைத்தெருவில், போட்டோகொப்பி எடுக்கும் கடையொன்றில் வேலை செய்கிறேன். மாலையில் கடையைப் பூட்டிவிட்டு பஸ் பிடித்துத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தால், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் எங்கள் வீடு மட்டும் இருட்டாக இருக்கும். அம்மா இறந்த பிறகு அப்பா கொழும்புக்கு, அக்கா வீட்டோடு இருக்கப் போய்விட்டார். கூடப் படித்தவர்களும் கொழும்பில்தான், கடைகளிலும் ஹோட்டல்களிலும். தீபாவளிக்கு வருவார்கள், லயமே சத்தமாக இருக்கும், பிறகு போய்விடுவார்கள். நான் விளக்கைப் போட்டு, சோற்றை அடுப்பில் ஏற்றிவிட்டு, மடிக்கணினியைத் திறப்பேன்.

பள்ளிக்கூடத்துக் காலத்திலிருந்தே வீடியோ கேம் என்றால் எனக்குப் பைத்தியம். ஆனால் இணையத்தில் பலர் சேர்ந்து சுட்டுக்கொள்ளும் விளையாட்டுகள் எங்கள் பக்கத்துச் சிக்னலுக்கு ஒத்துவராது. நான் துப்பாக்கியைத் தூக்குவதற்குள் செத்துக் கிடப்பேன். போனை ஒரு சீலைப்பையில் போட்டு ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டால்தான் கொஞ்சமாவது நெட் வரும். அந்த நெட்டுக்கும் ஆடக்கூடியதாக எதையாவது தேடியபோதுதான் அந்த விளையாட்டு கிடைத்தது.

இரண்டு சுமைகாரர்கள் ஒரு கண்ணாடி அலமாரியைத் தூக்கிக்கொண்டு மலை ஏற வேண்டும். கதை அவ்வளவுதான். ஒரு முனையை நான் பிடிப்பேன், மறுமுனையை உலகத்தில் எங்கோ இருக்கும் ஒருவர் பிடிப்பார். முன்னால் போகிறவனுக்குப் பாதை தெரியும், அலமாரி தெரியாது. பின்னால் வருகிறவனுக்கு அலமாரி மட்டும்தான் தெரியும். ஏறும்போது பேச முடியாது, ஆளுக்கொரு விசில் உண்டு. ஒரு மலை முடிந்ததும் ஒரு தங்குமடம் வரும், அங்கே மட்டும் ஓரிரு வரி எழுதிக்கொள்ளலாம். மூன்றாவது ஆளுக்கு அந்த விளையாட்டில் இடமே கிடையாது.

இதை வடிவமைத்தவர் என்ன மாதிரியான மனிதராக இருப்பார் என்று அடிக்கடி யோசித்திருக்கிறேன். ஒருவனுக்குக் கண்ணைக் கொடுத்து, பாரத்தை மற்றவன் பொறுப்பில் விட்டிருக்கிறார். அதனால் ஆடுகிற இரண்டு பேருக்கும் திட்டிக்கொள்ளக்கூட வழியில்லாமல் போகிறது. கண்ணாடி உடைந்தால் யாரால் உடைந்தது என்று இருவருக்குமே தெரியாது.

பலரோடு ஆடினேன். பாதி மலையில் விட்டுவிட்டு ஓடுகிறவர்கள்தான் அதிகம். ஒருவர் மட்டும் ஓடவில்லை. நான் வழுக்கினால் அவர் அப்படியே நின்று காத்திருப்பார். எப்போதும் முன்னால் போவது நான், திருப்பம் வந்தால் மெல்ல ஒரு விசில் கொடுப்பேன், சரிவு வந்தால் இரண்டு. இது நாங்களாகவே பழகிக்கொண்டது. தங்குமடத்தில் ஆங்கிலத்தில் ‘நன்று’, ‘இன்னொன்று?’, ‘மன்னிக்கவும்’, அதற்கு மேல் இருவரும் எழுதியதில்லை. எனக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது. அவருக்கு வரும் என்று நினைத்தேன். ஏதோ குளிர் நாட்டில், வசதியான வீட்டில் இருக்கும் ஒரு வெள்ளைக்காரரைத்தான் மனதில் வைத்திருந்தேன்.

இடிமழைக் காலத்தில் ஒருநாள் எங்கள் தோட்டத்தில் கரண்ட் போனது. திரும்ப வந்ததும் விளையாட்டுக்குள்ளே போனேன். அவரும் அப்போதுதான் வந்திருந்தார். ‘மன்னிக்கவும், கரண்ட் போய்விட்டது’ என்று எழுதியிருந்தார். ஆங்கில வரிதான், ஆனால் ‘பவர்’ என்றில்லாமல் நம்மவர் சொல்கிற மாதிரி ‘கரண்ட்’ என்றே இருந்தது. அந்த வார்த்தையை அப்படி எழுதுகிறவர் குளிர் நாட்டுக்காரராக இருக்க முடியாதே என்று பட்டது. எந்த ஊர் என்று கேட்டேன். இலங்கை என்றார். இலங்கையில் எங்கே என்றேன்.

உடப்புசல்லாவை.

நுவரெலியாவுக்கு அந்தப் பக்கம், எங்கள் மலைநாடேதான். உடனே ஆங்கில எழுத்திலேயே தமிழைத் தட்டினேன். “நான் கொட்டகலைங்க. நீங்க தமிழா?”

“ஓம்,” என்று பதில் வந்தது.

அடுத்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நுவரெலியா பஸ் நிலையத்தில் சந்திப்பதாகப் பேசிக்கொண்டோம். ஸ்வெட்டரும் குடையுமாக, ஐம்பது வயது தாண்டிய ஒருவர் என்னைத் தேடிக்கொண்டு நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர், உடப்புசல்லாவையில் ஆசிரியர். குடும்பம் ஊரில், இவர் மட்டும் இங்கே பள்ளிக்கூட விடுதியில்.

“நீங்கள்தானோ முன்னுக்குப் போற ஆள்? நான் வெள்ளைக்காரன் எண்டெல்லோ நினைச்சன்,” என்றார்.

“நானும் அப்புடித்தாங்க சார் நெனச்சேன்.”

இருவரும் சிரித்தோம். தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து வடை சாப்பிட்டோம். அதற்குப் பிறகு என்ன பேசுவதென்று தெரியவில்லை. மழையைப் பற்றிப் பேசினோம், பஸ்ஸைப் பற்றிப் பேசினோம். மலையில் எத்தனையோ தடவை சேர்ந்து விழுந்து எழும்பிய இரண்டு பேர், ஒரு மேசைக்கு இரு பக்கமும் உட்கார்ந்து தேத்தண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தோம். எங்களுக்கு நடுவில் தூக்குவதற்கு ஒன்றும் இல்லை.

கடைசியில் அவர்தான் சொன்னார். “இதை மகன்தான் போட்டுத் தந்தவன். அவன் கனடாவில. ரெண்டு பேரும் சேர்ந்து விளையாடுவம், அப்பாவும் தனிய இருக்கிறியள்தானே எண்டான். கொஞ்சக் காலம் வந்தவன். பிறகு வேலை, பிள்ளை எண்டு நேரமில்லை.”

“அப்புறம் ஏங்க சார் விடாம ஆடுனீங்க?”

“அவன் வந்தாலும் வருவான் எண்டுதான் திறக்கிறது. அவன் இருக்கமாட்டான். நீங்கள் இருப்பியள்.”

அதைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷமா வருத்தமா என்று பிரிக்கத் தெரியவில்லை. பஸ் ஏறும்போது அவர் என் தோளில் தட்டினார். நானு ஓயா, தலவாக்கலை என்று பஸ் இறங்கி வரும் வழியெல்லாம் அந்தக் கை தோளில் இருந்த மாதிரியே இருந்தது.

அதற்குப் பிறகு தங்குமடத்தில் தமிழில் எழுதிக்கொண்டோம். பரீட்சைத்தாள் திருத்துவதைப் பற்றி அவர் எழுதுவார், போட்டோகொப்பி இயந்திரத்தில் தாள் சிக்கியதைப் பற்றி நான் எழுதுவேன். வீட்டுக்கு வரும்போது, இதைச் சாரிடம் சொல்ல வேண்டும் என்று எடுத்து வைத்துக்கொள்ள ஏதாவது ஒன்று இருக்கும். அந்தச் சில மாதங்கள்தான், வீடு இருட்டாக இருக்கிறதே என்று நான் நினைக்காமல் இருந்த காலம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உள்ளே போனதும் அவர் வரி காத்திருந்தது. “தம்பி, மகன் இண்டைக்கு வாறானாம்.”

“நல்லதுங்க சார். அவரோட போங்க.”

“நீங்கள்?”

“எனக்குக் கடையில வேலை இருக்குங்க சார்.”

ஞாயிற்றுக்கிழமைகளில் கடை பூட்டு. அது அவருக்கும் தெரியும். “சரி தம்பி” என்று மட்டும் எழுதினார்.

நான் கணினியை மூடவில்லை. நண்பர்கள் பட்டியலில் அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி, ‘விளையாடுகிறார்’ என்று இருந்தது. அந்த விளையாட்டில் பார்வையாளராகக்கூட உள்ளே போக முடியாது. எந்த மலையில் போகிறார்கள், மகன் முன்னால் போகிறானா, வேகமாக இழுக்கிறானா, ஒன்றும் தெரியாது. வெளியே மஞ்சு இறங்கி எதிர் லயம் மறையும் வரை அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகன் பிறகு விடாமல் வந்தான். சார் எனக்கென்று வேறு நாள் ஒதுக்கத்தான் பார்த்தார், சரிவரவில்லை. வருஷ முடிவில் எனக்குப் போன் எடுத்தார். “இடமாற்றம் கிடைச்சிட்டுது தம்பி. ஊருக்குப் போறன்.” குரலில் அவ்வளவு சந்தோஷம். நானும் சந்தோஷமாகவே பேசினேன். பொய்யில்லை. ஊருக்குப் போனவருக்குப் பேச, நடக்க ஆட்கள் இருக்கிறார்கள். பச்சைப் புள்ளி எப்போதாவதுதான் எரிகிறது.

பிறகு கணினியே மறுமுனையைப் பிடிக்கும் வசதியொன்று வந்தது. அதோடு ஆடிப்பார்த்தேன். அது வழுக்குவதில்லை, தாமதிப்பதில்லை, விசிலுக்கு உடனே திரும்புகிறது. கண்ணாடி ஒருதடவைகூட உடையவில்லை. இரண்டே மாலையில் சலித்துவிட்டது.

இப்போது இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளில் நானே ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். இதிலும் இரண்டு பேர் சுமக்கிறார்கள். ஆனால் மூன்றாவதாக ஒருவர் எந்த நேரத்திலும் வந்து சேரலாம். அவருக்கு ஒரு விளக்கு கொடுத்திருக்கிறேன். விளக்கு பக்கத்தில் வந்தால் சுமக்கிறவர்களுக்குப் பாரம் குறையும். அதைச் சரிவரச் செய்யத்தான் ரொம்ப நாள் எடுத்தது. சோதித்துப் பார்க்க ஆள் இல்லாததால் இடது கையால் ஒருவனையும் வலது கையால் மற்றவனையும் நடத்துகிறேன்.

போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா தீப்பெட்டி கேட்டு வந்து, கதவோரம் நின்று திரையைப் பார்த்தார்.

“அந்த வெளக்குக்காரன் ஏன் தம்பி சும்மாவே நிக்கிறான்?”

“அவன நடத்த ஆளில்லங்க அக்கா.”

“ம்,” என்றார். தீப்பெட்டியை வாங்கிக்கொண்டு போனார். நான் இரண்டு கைகளையும் மறுபடி விசைகள் மேல் வைத்து, அந்த இருவரையும் மேட்டில் ஏற்றத் தொடங்கினேன்.