வள்ளத்துக்குத் திறப்பு இல்லை

அக்காவின் மரண அறிவித்தலை நான்தான் எழுதினேன். யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் பதினொரு வருடம் மற்றவர்களின் செய்திகளைத் திருத்திக்கொண்டிருந்தவன் என்பதால் அந்த வேலை வேறு யாரிடமும் போகவில்லை. பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி என்ற வழக்கமான வரிசை. அச்சுக்குப் போகுமுன் இரண்டு எழுத்துப் பிழைகளைப் பிடித்தேன். அழுகை வரவில்லை. வரும் என்று இரண்டு மூன்று நாள் எதிர்பார்த்திருந்துவிட்டு, பிறகு அதையும் விட்டுவிட்டேன்.

அந்தியேட்டிக் கிரியைக்கு முதல் நாள் காலை, மரணத் துடக்கின் முப்பதாம் நாள், நாங்கள் மூன்று பேர் அக்காவின் சாம்பலை ஒன்ராறியோ ஏரியில் கரைக்கப் புறப்பட்டோம்: அத்தான், இருபது வயதான அவருடைய மகள், நான். அத்தான் மோட்டார்ஹோமை ஓட்டினார். அதன் பின்னால் ரெயிலரில் பதினான்கு அடி அலுமினிய வள்ளம் வந்தது.

மோட்டார்ஹோம் அக்காவுக்காக வாங்கியது. கோடையில் எங்காவது ஏரிப்பக்கம் போவோம் என்று அத்தான் கேட்கும்போதெல்லாம் அக்கா ஒரே பதிலைத்தான் சொல்வார். "கண்ட இடத்து ரொயிலற்றுக்கு நான் போகமாட்டன். தேத்தண்ணியும் என்ரை அடுப்பிலை போட்டாத்தான் எனக்கு இறங்கும்."

"அப்ப வீட்டையெல்லோ கட்டி இழுக்கோணும்."

"இழுங்கோவன்."

மிசிசாகாவில் வேலை செய்யும் இடத்தில் யாரோ விற்கப்போவதாகச் சொல்ல, அத்தான் உண்மையாகவே ஒரு வீட்டை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். பழைய வண்டி. கட்டில், அடுப்பு, கழிப்பறை, மேசை எல்லாம் இருந்தன. அக்கா இலாச்சிகளைக் கழுவித் துடைத்து, தேயிலை, சீனி, துவாய்கள், பேணிகள், ரொட்டி உருட்டும் கட்டை என்று அடுக்கினார். அடுத்த மாதம் அத்தான் வள்ளத்தையும் வாங்கினார். அதற்கு அனுமதி கேட்டதாக எனக்கு நினைவில்லை.

இரண்டையும் பூசைக்காக றிச்மண்ட் ஹில் கோயிலுக்குக் கொண்டுபோனோம். கார்கள் வரிசையாக நிற்கும் இடத்தில் எங்களுடையது நான்கு கார்களின் இடத்தைப் பிடித்தது. ஐயர் வெளியே வந்து முன்னாலிருந்து பின்னால்வரை நடந்து பார்த்தார்.

"இது வாகனப் பூசையா, வள்ளப் பூசையா?"

"இரண்டும் சேத்து ஒண்டாச் செய்யுங்கோ ஐயா," என்றார் அத்தான். "சில்லுக்குக் கீழை வைக்கத் தேசிக்காய் கூடக் கொண்டுவந்திருக்கிறம்."

திறப்புகளைத் தட்டில் வைக்கச் சொன்னார் ஐயர். மோட்டார்ஹோமின் திறப்பு இருந்தது. வள்ளத்துக்குத் திறப்பு இல்லை. அதன் மோட்டார் கயிற்றை இழுத்தால் ஓடுவது. ஒன்றுமில்லாமல் விடுவது சரியில்லை என்று அக்கா சொன்னார். அத்தான் சட்டைப்பைக்குள் கைவிட்டு ஒரு பித்தளைப் பிளக்கை எடுத்தார். வள்ளத்தின் பின்பக்கம் அடியில் ஒரு துவாரம் உண்டு. தரையில் நிற்கும்போது மழைத்தண்ணீர் ஓடுவதற்காக அதைத் திறந்துவைக்க வேண்டும், தண்ணீரில் இறக்குமுன் பிளக்கால் அடைக்க வேண்டும். விற்றவர் இதை மூன்று தரம் சொல்லியிருந்தார். பிளக் திறப்புக்குப் பக்கத்தில் தட்டில் இருந்தது. அதற்கும் சந்தனம் வைத்தார் ஐயர்.

வீட்டுக்கு ஓட்டிப்போகத் திறப்பு தேவைப்பட்டது, எடுத்தோம். பிளக் தேவைப்படவில்லை. அது விபூதி, பூவோடு ஒரு கடதாசியில் சுற்றப்பட்டு அக்காவின் கைப்பைக்குள் போய், அங்கிருந்து மோர்னிங்சைட்டில் அவர்களுடைய வீட்டுச் சாமித்தட்டுக்குப் போனது. வேலை, மழை, பிறகு அக்காவின் வைத்தியப் பரிசோதனைகள் என்று ஒவ்வொரு சனியும் தள்ளிப்போய், வள்ளம் ஒருநாளும் தண்ணீரைத் தொடவில்லை.

ஏன் வள்ளத்தில் போய்க் கரைக்க வேண்டும் என்பதையும் சொல்லவேண்டும். இரண்டு வருடம் முன்னர் தெரிந்த ஒருவரின் சாம்பலைக் கரையில் நின்று கரைத்தபோது நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். அலை பூக்களைத் திருப்பிக் கொண்டுவந்து காலடியில் போட்டது. சாம்பல் கற்களில் ஒட்டிக்கொண்டது. யாரோ உலாத்திக்கொண்டுவந்த நாய் அதை மணந்து பார்த்தது. திரும்பி வரும்போது காரில் அக்கா சொன்னார்: "என்னை உப்பிடிக் கரையிலை கொட்டிப்போட்டு வந்திடாதேங்கோ. ஆழத்திலை போடுங்கோ." அத்தான் அப்போது வானொலியின் சத்தத்தைக் கூட்டினார். மருத்துவமனையில் அக்கா எனக்குச் சொன்ன ஒரே விடயமும் அதுதான்: "ஆழத்திலை, தம்பி. ஞாபகம் வச்சிரு."

அன்று காலை மகள் சாம்பல் பெட்டியை முன் இருக்கையில், அக்கா இருக்கவேண்டிய இடத்தில் வைத்தாள். பெல்ட்டையும் இழுத்துப் பூட்டினாள். அத்தான் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு வண்டியை எடுத்தார்.

மோட்டார்ஹோமின் பின்னால் ஒரு சிறிய வள்ளத்தை இழுப்பதில் உள்ள சிக்கல், அது கண்ணாடியில் தெரியாது என்பதுதான். வண்டி அகலம், ரெயிலர் ஒடுக்கம். நேராக வரும்வரை அது வருகிறதா இல்லையா என்றே ஓட்டுபவருக்குத் தெரியாது. கண்ணாடியில் தெரிகிறது என்றால் அது கோணிவிட்டது என்று பொருள். நான் பின் கட்டிலில் முழங்காலில் இருந்து, பின்கண்ணாடி வழியாகப் பார்த்து, "வருது, வருது," என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஸ்காபரோவின் களிமண் மேடுகளுக்கு நடுவே ஏரிக்கு இறங்கும் பாதை செங்குத்தானது. அத்தான் கியரைக் குறைத்து இறக்கினார். இலாச்சிகளுக்குள் பேணிகள் ஒன்றோடொன்று முட்டின. கீழே வள்ளம் இறக்கும் சரிவில் அன்று எங்களைத் தவிர யாரும் இல்லை. வார நாள். பதினொரு மணிக்குப் பிறகு காற்று எழும்பும் என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள். ஒன்பதரை ஆகியிருந்தது.

பின்னுக்கு எடுக்க ஐந்து தரம் முயல வேண்டியிருந்தது. பின்சில்லுகளுக்குப் பிறகும் வண்டி நீண்ட தூரம் துருத்திக்கொண்டிருந்ததால், முன்சில்லைக் கொஞ்சம் திருப்பினாலே வால் எதிர்ப்பக்கம் வீசி ரெயிலரையும் இழுத்துக்கொண்டு போனது.

"வலம், அத்தான், வலம்!"

"என்ரை வலமோ, உன்ரை வலமோ?"

"ரெயிலற்றை வலம்!"

"அதுக்கு வாயிருந்தாக் கேக்கலாம்."

மகள் இறங்கிவந்து பேச்சில்லாமல் கையைக் காட்டினாள். அதன் பிறகு நேராகப் போனது. ரெயிலரின் சில்லுகள் தண்ணீருக்குள் மூழ்கின. வள்ளம் அசைந்து மிதந்தது. நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மரத்துறையில் நின்றேன். அத்தான் வந்து ஏறினார், மோட்டாரின் கயிற்றை இழுக்கக் குனிந்தார், நிமிர்ந்தார்.

"தம்பி, இதென்ன, காலெல்லாம் தண்ணி."

பிறகு, "பிளக்," என்றார்.

மூவருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்திருக்க வேண்டும், யாரும் அது எங்கே என்று கேட்கவில்லை. வள்ளத்தை மறுபடி ரெயிலரில் ஏற்றி மேலே இழுத்தோம். துவாரத்தால் தண்ணீர் விரல் தடிப்பில் சீராக ஓடியது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு நிமிடம் ஓடியது.

"வீட்டை போய் எடுத்துக்கொண்டு வருவம்," என்றாள் மகள். "இருவது நிமிசந்தானே."

"அது சாமித்தட்டிலை இருக்கு."

"ஓம், தெரியும். நான் எடுக்கிறன்."

"துடக்கு. திரை போட்டிருக்கு. தொடக்கூடாது."

"அப்பா, இற்ஸ் ஜஸ்ற் எ பிளக்."

"விபூதிக்குள்ளை சுத்தி வச்சிருக்கிறா."

"உங்களுக்கு உதிலை நம்பிக்கையே இல்லையே! அம்மாவைப் பகிடி பண்ணுவீங்கள்."

"எனக்கில்லை. அவவுக்கு இருந்தது." அத்தான் ஏரியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அவ வீட்டிலை இருந்தா உன்னைத் தொட விடுவாவோ?"

அத்தானுக்குக் கோயில் என்றால் கார் நிறுத்த இடம் தேடும் தொல்லை. முப்பது நாளும் அந்தத் திரையை யாரும் விலக்காமல் பார்த்துக்கொண்டவர் அவர்தான் என்பதை நான் அப்போதுதான் கவனித்தேன். பக்கத்து வீட்டுக்காரரைக் கொண்டு எடுப்பிக்கலாம் என்று நான் சொன்னேன். அவர்கள் வேலைக்குப் போயிருப்பார்கள் என்றார். கடையில் புதிதாக ஒன்று வாங்கலாம் என்றேன். எந்தக் கடையில் என்று மூவருக்கும் தெரியவில்லை. மேலே மரங்களின் நுனி அசையத் தொடங்கியிருந்தது.

மகள் மோட்டார்ஹோமுக்குள் போனாள். இலாச்சிகள் திறந்து மூடும் சத்தம் கேட்டது. ரொட்டி உருட்டும் கட்டையோடும் ஒரு துவாயோடும் இறங்கி வந்தாள். கட்டையில் கடையின் விலைச்சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது. அதன் ஒருபக்கக் கைபிடியில் துவாயைச் சுற்றி, வள்ளத்துக்குள் ஏறி, துவாரத்தில் வைத்து அழுத்தினாள்.

"யாராவது பிடிச்சுக்கொண்டு இருந்தாச் சரி," என்றாள்.

"நான் பிடிக்கிறன்," என்றேன்.

அப்படித்தான் போனோம். நான் வள்ளத்தின் அடியில், பின்பலகையைப் பார்த்தபடி, கால்களை மடித்து இருந்து, இரண்டு கைகளாலும் கட்டையை அழுத்திக்கொண்டிருந்தேன். எனக்கு மேலே அத்தான் மோட்டாரின் கைபிடியைப் பிடித்திருந்தார். முதுகுக்குப் பின்னால் மகள், மடியில் பெட்டி. துவாயின் ஓரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் வந்தது. செப்டெம்பரில் அது சில்லென்று இருந்தது. கால் மணித்தியாலத்தில் விரல்களில் உணர்ச்சி இல்லை. எனக்கு அதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

அத்தான் மோட்டாரை நிறுத்தினார். நங்கூரக் கயிற்றை முழுவதுமாக இறக்கிப் பார்த்தார். அது தரையைத் தொடவில்லை.

"ஆழந்தான்," என்றார்.

பிறகு அவர் என்னைத் தாண்டி நடுவுக்குப் போனார். வள்ளம் சாய்ந்து நிமிர்ந்தது. என் கண் முன்னால் இருந்தது மோட்டாரைப் பூட்டியிருந்த இரும்புத் தகடு. அதில் நான்கு ஆணிகளுக்கு இடம், ஒன்று இல்லை. பின்னால் பிளாஸ்ரிக் பை பிரிக்கும் சத்தம். அத்தான் தேவாரம் தொடங்கி, இரண்டாம் வரியில் மறந்து, மறுபடி முதல் வரிக்குப் போனார். கொட்டும் சத்தம் நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. காற்று ஒருமுறை பின்னாலிருந்து அடித்தது.

"மாமா, நீங்கள் பாக்கேல்லையே," என்றாள் மகள்.

"கையை எடுக்கேலாது."

உண்மையில் கழுத்தைத் திருப்பியிருக்கலாம்.

அத்தான் திரும்பிவந்து மோட்டாரின் கயிற்றைப் பிடித்தார். அப்போதுதான் எனக்கு முன்னால் தேங்கியிருந்த தண்ணீரைப் பார்த்தேன். அதன் மேல் மெல்லிய சாம்பல்நிறப் படை ஒன்று நகர்ந்துவந்து என் விரல்களைச் சுற்றி நின்றது. அடியில் வெள்ளையாகச் சிறு துணிக்கைகள். சாம்பலைக் காற்று வள்ளத்துக்குள் திருப்பிக் கொண்டுவந்திருந்தது. இப்படியே கரைக்குப் போய் வள்ளத்தை மேலே இழுத்தால், துவாரத்தால் இவ்வளவும் அந்தச் சரிவில், கற்களின் மேல் ஓடும்.

"அத்தான், ஸ்ராட் பண்ணாதேங்கோ. பேணி இருக்கோ?"

"என்னத்துக்கு?"

"தண்ணியை இறைக்கோணும்."

"கரையிலை தானாய் ஓடுந்தானே."

"இல்லை. இஞ்சையே ஊத்துவம்."

அவர் குனிந்து பார்த்தார். பிறகு தேத்தண்ணிப் போத்தலின் மூடியைக் கழற்றி, இரண்டு கைகளாலும் பிடித்து, ஒரு சொட்டும் வள்ளத்துக்குள் சிந்தாமல் இறைக்கத் தொடங்கினார். மகள் பெட்டியின் மூடியால் இறைத்தாள். மூடியில் அடங்காத கடைசித் தண்ணீரை அத்தான் தன் சால்வையால் ஒற்றி வெளியே பிழிந்தார். ஏரித் தண்ணீரைக் கையால் அள்ளி உள்ளே தெளித்து, அதையும் ஒற்றினார். மூன்று தரம் அப்படிச் செய்தார். காற்று எழும்பிவிட்டது, நாங்கள் பக்கவாட்டில் ஆடிக்கொண்டிருந்தோம். யாரும் அவசரப்படுத்தவில்லை. நான் கட்டையை அழுத்திக்கொண்டிருந்தேன்.

சரிவில் வள்ளத்தை ரெயிலரில் ஏற்றி, அத்தான் மோட்டார்ஹோமை மெதுவாக மேலே எடுத்தார். நான் வள்ளத்துக்குள்ளேயே இருந்தேன். சமதரைக்கு வந்ததும் மகள் பின்னால் வந்து நின்று, "இனி எடுங்கோ," என்றாள். விரல்கள் விரியவில்லை. அவள் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள்.

வரும் வழியில் கசிந்த தண்ணீர் துவாரத்தால் ஓடியது. மூவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். தெளிந்த தண்ணீர். ஒரு நிமிடத்துக்கும் குறைவாக ஓடி நின்றது.

"சரி," என்றார் அத்தான்.

மகள் ரொட்டிக் கட்டையைக் கழுவித் துடைத்து, இருந்த இலாச்சியிலேயே வைத்தாள். விலைச்சீட்டு நனைந்து பாதி கிழிந்திருந்தது. நான் பின் கட்டிலில் ஏறி முழங்காலில் இருந்தேன். வள்ளம் வருகிறதா என்று அத்தான் முன்னாலிருந்து கேட்டார்.

"வருது," என்றேன்.