நான் வெட்டிச் சொன்ன செய்தி

வார்ட்டுக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்த என்னைத் தாதி கூப்பிட்டார். சத்திரசிகிச்சை முடிந்த மறுநாள் காலை. என் மனைவி சரோஜா கட்டிலில் சாய்ந்திருந்தாள். வலது கையால் இடது மார்பின் மேல் போட்டிருந்த கட்டுத்துணியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே தட்டையாக இருந்தது.

"கட்டிய மட்டும் எடுப்பாங்கன்னுதானே சொன்னீங்க?"

சத்திரசிகிச்சைக்கு முன்பு டொக்டர் அப்படிச் சொல்லவில்லை. புற்றுநோய் என்றார். மார்பு முழுவதையும், அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களையும் (உடலின் நீரை வடிகட்டும் சிறு முடிச்சுகள்) எடுக்க வேண்டும் என்று சிங்களத்தில் நிதானமாக விளக்கினார். மலைத்தோட்டப் பகுதியான தெல்தோட்டையில் பிறந்த சரோஜாவுக்குக் கடைத்தெருச் சிங்களம் வரும். டொக்டரின் சிங்களம் பிடிபடாது. நான் மொழிபெயர்த்தேன். பத்திரிகைக்குப் பிரதேசச் செய்தி எழுதுபவன் நான்; சுருக்குவது என் தொழில். "கட்டி ஒண்ணு இருக்கு, எடுத்துட்டா சரி" என்றேன். அவள் சம்மதப் படிவத்தில் கையொப்பமிட்டாள்.

"இருவத்தோரு வருஷமா எனக்குப் பதிலா நீங்கதான் பேசுறீங்க. பேங்க்ல, ஸ்கூல்ல. சரி. என் ஒடம்புக்குமா?" என்றாள். பிறகு, "இனி கிளினிக்குக்குள்ள நான் தனியா போறேன். நீங்க வெளிய இருங்க."

கீமோதெரபி (புற்றுக் கலங்களை அழிக்க இரத்தநாளம் வழியே ஏற்றும் மருந்து) ஆறு தடவை. ஆறு தடவையும் வெளியே இருந்தேன்.

வார்ட்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் தெல்தெனியவில் காய்கறிக் கடை வைத்திருக்கும் சிங்களப் பெண். சரோஜா அவரிடம் கேட்டு, வலி, வீக்கம், எத்தனை நாள் என்று சிங்களச் சொற்களைத் தமிழ் எழுத்தில் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டாள். என்னிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை. "ஒங்ககிட்ட கேட்டா பாதிதான் வரும்."

நோய் எங்களை உடனே நெருக்கமாக்கியது என்று எழுதினால் அது சரியான செய்தி ஆகாது. முதல் மாதங்களில் வீட்டில் சத்தம் கூடியது. எதைச் சமைப்பது, யாரிடம் நோயைச் சொல்வது, எந்த விருந்தாளியை வாசலோடு அனுப்புவது, எல்லாவற்றிலும் அவளுக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. முன்பும் இருந்திருக்கும், நான் கேட்டதில்லை. நோயாளிக்குத் துணையாகப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: அவர் மாறும்போது உங்கள் வேலை ஒன்று பறிபோகும். அதைத் திரும்பப் பிடுங்க வேண்டாம். வேறு வேலை வரும்.

எனக்கு வந்தது அவளுடைய இடது கை. நிணநீர் வீக்கம் (கணுக்களை எடுத்தபின் நீர் தேங்கிக் கை பருப்பது) தொடங்கியபோது, நீவிவிடக் கற்றுக்கொண்டேன். தினமும் காலையில் இருபது நிமிடம்.

"மெதுவா. மாவா பெசயிறீங்க?" என்பாள். இருவரும் சிரிப்போம். இப்படி உட்கார்ந்து பேசியது முன்பு எப்போது என்று இருவருக்கும் நினைவில்லை.

சென்ற மாதம் பரிசோதனைக்குப் போனபோது, கதவருகே நின்று திரும்பி, "நீங்களும் வாங்க" என்றாள்.

நோய் திரும்பியதற்கான அடையாளம் இல்லை என்றார் டொக்டர். பிறகு என்னைப் பார்த்து, கை எப்படி இருக்கிறது என்று கேட்டார். பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. நான் சரோஜாவைப் பார்த்தேன்.

அவள் தன் சிங்களத்தில், நிறுத்தி நிறுத்தி, முழுதாகச் சொன்னாள். எழும்போது கனம். நீவினால் இறங்குகிறது. தையல் மெஷினில் துணியைத் தள்ளும்போது தோள் வரை இழுக்கிறது. நானாக இருந்தால் ஒரு வரியில் முடித்திருப்பேன். அவளுக்கு ஏழெட்டு நிமிடம் ஆனது. என் கைகள் மடியில் சும்மா கிடந்தன. தினமும் நான் பிடிக்கும் கை அது. தைக்கும்போது இழுக்கும் என்பதை அங்கேதான் முதலில் கேட்டேன்.