கதவு நிலையில் கத்திய மீட்டர்

வெள்ளம் புகுந்த வீட்டைக் காயவைப்பது என் தொழில். கேட்பதற்குத் துணி உலர்த்துகிற வேலை மாதிரி சுலபமாக இருக்கும், கூட ஒருநாள் வந்து பார்த்தால்தான் தெரியும். ஊறிப்போன கார்பெட்டை உரித்து இழுத்து வெளியே போட வேண்டும். சுவர்ப்பலகையின் அடிப்பாகத்தை அறுத்தெடுக்க வேண்டும். பெரிய பெரிய விசிறிகளையும் ஈரம் உறிஞ்சும் மெஷின்களையும் ஓடவிட்டு, மறுபடி மறுபடி போய் மீட்டர் வைத்து ஈரம் பார்க்க வேண்டும். திருச்சியில் மாமனார் வீட்டார் சொந்தக்காரர்களிடம் ‘மாப்பிள்ளை ஆக்லாந்தில் பில்டிங் லைனில் இருக்கிறார்’ என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். அப்படியே இருக்கட்டும்.

ஆனால் இந்த வேலையில் முக்கால்வாசி காதால் செய்வது. வீடு நனைந்தவர்கள் பேசுவார்கள், பேசிக்கொண்டே இருப்பார்கள், பாவம், அவர்களுக்கும் வேறு யார் இருக்கிறார்கள். நீங்களும் ஏதாவது ஒரு வாட்ஸ்அப் குழுவில் மாட்டிக்கொண்டு, வெளியே வந்தால் சித்தப்பா கோபித்துக்கொள்வாரே என்று உட்கார்ந்திருப்பவராகத்தான் இருப்பீர்கள். ஆகவே அந்தக் கோடையில் வந்த வெள்ளத்துக்குப் பிறகு நான் பட்ட பாடு உங்களுக்குப் புரியும். வெள்ளைக்காரர்கள் ஆங்கிலத்தில் சொன்னதையெல்லாம் என் தமிழில் எழுதுகிறேன்.

ஏசுவதற்கு ஒரு ஆள்

லின்ஃபீல்டில் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா வீடு. கீழ்த்தளம் முழுக்கச் சேறு. நான் சுவரை அறுத்துக்கொண்டிருக்கும்போது அவருடைய போனில் ஒரு வாய்ஸ் மெசேஜ் ஓடியது. டொராண்டோவில் இருக்கும் அண்ணன் அனுப்பியதாம். இந்த மழை இயற்கையான மழையே இல்லையாம். யூதர்கள் பணம் போட்டு, மேகத்தில் மருந்து தூவிப் பெய்ய வைத்தார்களாம். வீடுகள் பாழானால் மலிவாக வாங்கிப் போடலாம் என்று திட்டமாம். அண்ணன் குரலில் அவ்வளவு பதற்றம்.

எனக்குப் பொறுக்கவில்லை. “இதையெல்லாம் நம்புறீங்களாக்கா?” என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. “ஆர் நம்பினது? அண்ணை பாவம், அங்கயிருந்து எங்களுக்கு ஒண்டும் செய்ய ஏலாமல் இதையெண்டாலும் அனுப்புறார்” என்றார். சுனாமியின்போது அவர் ஊரில் கடலுக்கடியில் யாரோ குண்டு வெடித்ததாகப் பேசிக்கொண்டார்களாம். அதைச் சொல்லிவிட்டு, சேறு அப்பிய நாற்காலியைத் துடைத்தபடியே சொன்னார்: “ஓம் தம்பி, ஆரையாவது ஏசினாத்தான் மனிசருக்கு ஆறும். கடலை ஏசினா அது திருப்பிக் கதைக்காதுதானே.”

சிவப்பும் மஞ்சளும்

கெவின், லாரி ஓட்டி ஓய்வுபெற்றவர். ஏவன்டேலில் ஓடையை ஒட்டிய வீடு. அந்த வீட்டுக்கு கவுன்சில்காரர்கள் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்கள். மஞ்சள் என்றால் பழுதுபார்த்து மறுபடி வசிக்கலாம், சிவப்பு என்றால் உள்ளே யாரும் வசிக்கக்கூடாது. வீடு சாய்ந்துவிட்டது, அவ்வளவுதான். அவர் மனைவி முந்தின குளிர்காலத்தில்தான் இறந்துபோனார். அந்த அம்மாள் தன் கையால் ஒட்டிய பூப்போட்ட காகிதம் ஹால் சுவரில் இருந்தது. அதில் ஒரு துண்டையாவது கிழியாமல் எடுத்துத்தர முடியுமா என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். ஈரக் காகிதம், கையோடு வந்துவிட்டது.

மோட்டலில் தங்கியிருந்த கெவினுக்குத் துணை ஒரு போன்தான். அந்தப் போன் அவருக்கு எதையெதையோ சொல்லிக்கொடுத்திருந்தது. “உங்க கம்பெனி முதலாளி யாரு?” என்றார். “இந்த ஊர்க்காரர்தான், கிரிக்கெட் பைத்தியம்” என்றேன். “அவருக்குப் பின்னால யாரு?” என்றார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி, அந்த அம்மாளைக் கண்டால் எங்கள் எல்லோருக்கும் பயம், வேறு யாரும் எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டில் மிரியம் என்று ஒரு யூதப் பெண், ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர் வீடு உயரமான தூண்கள் மேல் நின்றதால் தண்ணீர் முழங்காலோடு போய்விட்டது. இதை நான் கெவினிடம் எடுத்துச் சொன்னேன். அவர் அந்த வீட்டையே பார்த்துக்கொண்டு சொன்னார்: “அதே தெரு, அதே ஓடை. அவளுக்கு மஞ்சள் ஸ்டிக்கர், எனக்குச் சிவப்பு. யாராவது எனக்கு ஒரு காரணம் சொல்லுங்க.”

பேட்டரி இல்லாத பெட்டி

அடுத்த வேலை அந்த மிரியம் வீட்டில்தான். மிரியமும் பள்ளிக்கூடம் போகிற மகள் நோவாவும் மட்டும். வாசல் கதவின் நிலை அடியில் ஊறி, அவித்த கிழங்கு மாதிரி உப்பியிருந்தது. கழற்றியே ஆக வேண்டும். நிலை வைப்பதற்கு நல்ல நேரம் பார்த்து, மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிடுகிற குடும்பத்தில் பிறந்தவன் நான். யார் வீட்டு நிலையில் கடப்பாரை போட்டாலும், முதலில் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது வழக்கம். மிரியம் அதைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். சொன்னேன். உடனே அவர் முகம் மலர்ந்துவிட்டது. “அப்ப உங்களுக்கு இது புரியும்” என்று நிலையைக் காட்டினார். உள்ளே நுழையும்போது வலது பக்கம், தோள் உயரத்தில், விரல் நீளத்துக்கு ஒரு பித்தளைப் பெட்டி கொஞ்சம் சாய்வாக அடித்திருந்தது. உள்ளே அவர்கள் வேதத்தில் சில வரிகள் எழுதிய தோல் சுருள் இருக்கிறதாம். வரும்போதும் போகும்போதும் தொட்டுக்கொள்வார்களாம்.

ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்க்க, ஈரம் கண்டால் கத்தும் மீட்டரைக் கீழிருந்து மேலாக வைத்துக்கொண்டே போனேன். இடுப்பு உயரத்தில் சத்தம் அடங்கிவிட்டது. பெட்டிக்குப் பக்கத்தில் வைத்ததும் மறுபடி காது கிழியக் கத்தியது. காரணம் ஒன்றுமில்லை, ஆணி. மரத்துக்குள் இரும்பு இருந்தால் மீட்டர் அதை ஈரம் என்று நினைத்துக்கொண்டு கத்தும்; எங்கள் தொழிலில் இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் நான் ஒரு கணம் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன், சாமி சமாசாரம் பாருங்கள். வேலிக்கு அந்தப் பக்கம் கெவின் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்சூரன்ஸுக்குத் தன் வீட்டைப் படம் பிடிக்கிறார் என்று நினைத்தேன். மிரியம் என் பதற்றத்தைப் பார்த்துச் சிரித்தார்: “பயப்படாதீங்க, கடவுளுக்கு நாங்க பேட்டரி போடுறதில்ல.”

என் கை அடைந்த புகழ்

ஒருநாள் சாப்பிட உட்காரும்போது மனைவி கவிதா போனை நீட்டினாள். “இந்தக் கையைப் பாருங்க. நம்ம வீட்டுல சாம்பார் சாதம் பிசையிற கை மாதிரி இல்ல?” என்றாள். பார்த்தேன். என் கைதான். திருப்பதிக் கயிறு உட்பட என் கைதான். கை மட்டும் தெரிந்தது, மீட்டர் தெரிந்தது, பித்தளைப் பெட்டி தெரிந்தது, மிரியம் வீட்டு எண்ணும் தெரிந்தது. கெவின் எடுத்த வீடியோ எங்கெங்கோ சுற்றி, நியூ லின் பக்கத்துத் தமிழர்கள் குழுவுக்கு வந்திருந்தது. வழியில் யாரோ தமிழில் குரல் வேறு கொடுத்திருந்தார்கள்: “மக்களே, யூதர் வீட்டு வாசல்ல இருக்கிற கருவியைப் பாருங்க. வெள்ளம் எந்தப் பக்கம் திரும்பணும்னு இதுலேர்ந்துதான் சிக்னல் போகுது. டெக்னீஷியன் வந்து செக் பண்றான், சத்தம் கேக்குதா?”

சாதம் அப்படியே இருந்தது. கை கழுவிவிட்டு வந்து தட்டச்சு செய்தேன். அது நான், அது ஈரம் பார்க்கிற மீட்டர், ஆணியைக் கண்டால் கத்தும், அந்த வீட்டில் ஒரு சின்னப் பெண் இருக்கிறாள், தயவுசெய்து அழித்துவிடுங்கள் என்று.  முதலில் ஒருவர் ரோஜாப்பூப் படம் போட்டார். அதற்குப் பிறகு குழுவின் அட்மின், பெரிய ஐ.டி. வேலையில் இருப்பவர், மிகுந்த மரியாதையோடு எழுதினார்: “சார், தப்பா எடுத்துக்காதீங்க. அவங்க வீட்டுல வேலை பாக்குறவர் நீங்க, வேற எப்படிச் சொல்வீங்க?”

வேனுக்குள் ஒரு பிரசங்கம்

என்னோடு வேலை செய்பவர் கிறிஸ்டோபர் அண்ணன், மலேசியத் தமிழர், ஈப்போக்காரர். சர்ச்சில் கிட்டார் வாசிப்பவர். வீடியோவைக் காட்டினேன். அவருக்கும் அது வந்திருந்தது, சர்ச் ஆட்கள் குழு வழியாக. வேனை ஓரமாக நிறுத்திவிட்டு, ஒரு பெரிய வாய்ஸ் மெசேஜ் பதிவுசெய்து அந்தக் குழுவில் போட்டார். அதில் கடைசி வாக்கியம் மட்டும் எனக்கு மனப்பாடம்: “ஞாயித்துக்கிழம ஃபுல்லா அவங்க எழுதுன சங்கீதத்தத்தான் நாம பாடுறோம் லா, திங்கக்கிழம வந்து அவங்கதான் மழைய வுட்டாங்கன்னு சொன்னா நல்லாவா இருக்கு?”

ஆணிகளின் சாட்சி

அடுத்த முறை போனபோது மிரியம் வீட்டில் திரைச்சீலைகள் எல்லாம் இழுத்து மூடியிருந்தன. வீட்டைக் காயவைக்கும்போது ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்வோம். ஏன் மூடினீர்கள் என்று கேட்டேன். தெருவில் கார்கள் மெதுவாகப் போகின்றனவாம். உள்ளே இருப்பவர்கள் போனை நீட்டிப் படம் எடுக்கிறார்களாம். நோவாவிடம் பள்ளிக்கூடத்தில், “உங்க வீட்டுக் கதவுதான் மழை பெய்ய வைக்குதா?” என்று கேட்டிருக்கிறார்கள். நிலையைக் கழற்றுவதற்காக மிரியமே பெட்டியை எடுத்துத் துணியில் சுற்றி வைத்திருந்தார். புது நிலை வந்த பிறகு அதை மறுபடி மாட்ட வேண்டாம் என்று நோவா சொல்லிவிட்டாளாம். “மாட்டாம இருக்கிறதும் கஷ்டம், மாட்டுறதும் கஷ்டம்” என்றார் மிரியம். கெவின் மனைவி படுக்கையில் இருந்தபோது ஷிப்ட் முடிந்து வந்து ஊசி போட்டுவிட்டுப் போனவர் இவர்தான் என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கெவின் தன் முற்றத்தில் சாமான்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நேரே போய் அவருடைய வாசல் கேட்டில் மீட்டரை வைத்தேன். காய்ந்த மரம்தான், ஆனாலும் ஆணி இருந்த இடத்திலெல்லாம் கத்தியது. கீலில் கத்தியது. அஞ்சல் பெட்டியில் கத்தியது. “இங்கேயிருந்தும் சிக்னல் போகுதா கெவின்?” என்று கேட்டேன். இன்னும் நாலு வார்த்தை சூடாகக் கேட்க வைத்திருந்தேன். அவர் மீட்டரைக் கையில் வாங்கித் தானே கேட்டில் வைத்துப் பார்த்தார். மறுபடி வைத்துப் பார்த்தார். பிறகு போனை எடுத்து அந்த வீடியோவை அழித்தார். அது போக வேண்டிய இடத்துக்கெல்லாம் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தது. அழித்துவிட்டு, சாய்ந்து நிற்கும் தன் வீட்டைப் பார்த்து அவர் கேட்ட கேள்வியில் என் கோபம் பாதியில் நின்றுவிட்டது: “அப்ப என் வீடு சும்மாவேவா போச்சு?”

புது நிலை

கடைசி நாள் புது நிலையை நிறுத்தினோம். கிறிஸ்டோபர் அண்ணன் மட்டம் பார்த்தார், நான் ஆணி அடித்தேன். கெவின் வந்து கேட்டுக்கு வெளியே நின்றார். உள்ளே வரவில்லை. வீடியோ எடுத்தது தான்தான் என்றும் மன்னிக்க வேண்டும் என்றும் சொன்னார்.  மிரியம், “மோட்டல்ல சாப்பாட்டுக்கு என்ன செய்றீங்க?” என்று மட்டும் கேட்டார். அதை மன்னிப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கெவின் அழுதுவிட்டார்.

அவர் போன பிறகு மிரியம் துணியைப் பிரித்துப் பெட்டியை எடுத்தார். நோவா படியில் நின்றுகொண்டிருந்தாள். வேண்டாம் என்று அவள் மறுபடி சொல்லவில்லை. மிரியம் பெட்டியை நிலையின் வெளிப்பக்கத்தில், பழைய உயரத்தில் வைத்துப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஒரு கார் மெதுவாக வந்தது. யாரோ வீட்டு எண் தேடி வந்தவராகக்கூட இருக்கலாம். நோவா காரையே பார்த்தாள், மிரியம் நோவாவைப் பார்த்தார். பிறகு பெட்டியோடு கதவைத் தாண்டி உள்ளே வந்து, தெருவிலிருந்து பார்த்தால் தெரியாத உள்பக்கத்தில் வைத்து, இங்கே துளை போடுங்கள் என்றார். போட்டேன். அவர் அவர்கள் மொழியில் முணுமுணுப்பாக ஏதோ சொல்லிக்கொண்டு, தானே திருகி மாட்டினார். நோவா எக்கித் தொட்டுவிட்டு உள்ளே போனாள்.

இப்படி உள்ளே மாட்டலாமா என்று நான் கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன். மிரியம் ஸ்க்ரூடிரைவரை என்னிடம் திருப்பிக் கொடுத்தபடி சொன்னார்: “ஆபத்து இருக்கிற ஊர்ல உள்ளே மாட்டலாம்னு எங்க சட்டத்துலயே இருக்கு. அந்த ஊர் ஏவன்டேலா இருக்கும்னுதான் நான் நினைச்சதில்ல.”

வெள்ளம் வந்ததற்கான அடையாளம் எதுவும் இந்த வீட்டில் இப்போது இல்லை என்று எத்தனையோ வீடுகளுக்கு மனசாரக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த நான், அந்த வீட்டுக்கு மட்டும் பொய்க் கையெழுத்துப் போட்டேன்.